ஆள்காட்டிக் காய்ச்சல்

உடைமரக் காட்டில் ஒரே ஒரு குளம்தான் இருந்தது. மழைக்காலத்தில் கரை தளும்பும். கோடை வந்தால் சுருங்கிச் சுருங்கி, வடகரையோரம் ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். அந்தக் காட்டில் உயிர் வைத்திருந்த எல்லாருக்கும் கோடையில் அந்தப் பள்ளமே கதி.

தென்கரையில் சரளைக்கல் மேடு ஒன்று இருந்தது. அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவியும் அதன் கணவனும் குடியிருந்தன. குடியிருந்தன என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். கூடு எதுவும் கிடையாது. ஆள்காட்டிகள் வெட்டவெளியில், கல்லோடு கல்லாக முட்டை இடும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் கல் என்றே தோன்றும். அந்த வருஷம் நான்கு முட்டைகள்.

ஆள்காட்டி என்று பெயர் வந்ததே அது செய்த வேலையால்தான். நாய் வந்தாலும், சிறுத்தை வந்தாலும், வலைக்காரன் வந்தாலும் முதலில் பார்ப்பது அதுதான். உடனே எழும்பிப் பறந்து, "தித்தித்தீ! தித்தித்தீ!" என்று காடே அதிரக் கத்தும். மான் ஓடிவிடும். முயல் பதுங்கிவிடும். ஆபத்து விலகிப் போனதும் எல்லாரும் வெளியே வந்து ஆள்காட்டியைத் திட்டுவார்கள்.

"இவ தொண்டைக்கு ஒரு பூட்டுப் போடக் கூடாதா? கண்ணை மூட விடுறாளா!"

உயிரோடு இருப்பவர்கள்தானே திட்ட முடியும்! ஆள்காட்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திட்டுகிறவர்கள் எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு முட்டைக்குத் திரும்பிவிடும்.

அந்த முட்டைகளைக் காப்பதுதான் பெரும்பாடு. சித்திரை வெயிலில் சரளைக்கல் தோசைக்கல்லாகக் காயும். சும்மா விட்டால் முட்டை வெந்துவிடும். அதனால் ஆள்காட்டிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒன்று முட்டைமேல் நிழலாக நிற்கும். மற்றொன்று பள்ளத்துக்கு ஓடி, வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நன்றாக முக்கிக்கொண்டு, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைமேல் உட்காரும். ஈரம் காய்ந்ததும் இதற்குப் பதில் அது. வெயில் தாழும்வரை இப்படியே. அந்த ஈரத்தில்தான் குஞ்சுகளின் ஆயுள் இருந்தது.

இனி நோய்க்கு வருகிறேன்.

முந்தைய வருஷம் அந்தக் காட்டில் ஒரு கொடிய நோய் புகுந்திருந்தது. முதலில் காய்ச்சல். அப்புறம் தொண்டையில் நெருப்பு. கடைசியில் கண் இரண்டும் குன்றிமணியாகச் சிவந்துவிடும். சிவந்தவர்களில் பாதிப்பேர் எழுந்திருக்கவில்லை. காடு அதற்குச் செங்கண் என்று பெயர் வைத்தது.

குளத்துக்குத் தலைவராக இருந்தது காட்டுப்பன்றி. அது அப்போது நல்லபடியாகவே நடந்துகொண்டது. கண் சிவந்தவர்கள் புளியமரத்தடியில் தனியே இருக்க வேண்டும் என்றது. மற்றவர்கள் முண்டியடிக்காமல் முறை வைத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றது. பள்ளத்தில் இறங்கும் வழியில் கீரியைக் காவலுக்கு உட்கார வைத்தது.

"கண்ணைக் காட்டு!" என்று கேட்கும் கீரி. கண் தெளிவாக இருந்தால் உள்ளே விடும். சிவந்திருந்தால் விரட்டும்.

இதில் அநியாயமாக மாட்டிக்கொண்டது செம்போத்து மட்டும்தான்.

"ஐயோ, சிவப்பு! ஓடு, ஓடு!"

"எங்க குலத்துக்கே கண்ணு இப்படித்தான்யா! எங்க அப்பனுக்கும் சிவப்பு, அவங்க அப்பனுக்கும் சிவப்பு!"

"குலமாவது கோத்திரமாவது! சிவப்புன்னா சிவப்புதான்!"

செம்போத்து யோசித்தது. மறுநாள் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, தட்டுத்தடுமாறி வந்து நின்றது. கீரி உற்றுப் பார்த்தது. சிவப்பு எதுவும் தெரியவில்லை. "போ, குடி!" என்று விட்டுவிட்டது. காவல் காப்பவர்களின் புத்தி எந்த அளவுக்கு என்று காட்டுக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். எல்லாரும் சிரித்ததோடு சரி.

மழை பெய்தது. நோய் அடங்கியது. "செங்கண் செத்துப்போச்சு!" என்று பன்றி பாறைமேல் ஏறி நின்று அறிவித்தது. காடே கூத்தாடியது. புளியமரத்தடி காலியானது. கீரி மட்டும் பள்ளத்து வழியை விட்டு எழவில்லை. உட்கார்ந்து அதிகாரம் செய்து பழகிய இடத்தை விட யாருக்கு மனசு வரும்?

அடுத்த கோடையில்தான் அது நடந்தது.

ஒருநாள் காலையில், தென்கரைப் புதரடியில் முயல் ஒன்று விழுந்து கிடப்பதை ஆள்காட்டி பார்த்தது. போன வருஷம் செங்கண் வந்து பிழைத்த முயல் அது.

"என்ன முயலக்கா, இப்படிக் கிடக்கிறே?"

"பின்னங்கால் ரெண்டும் வரலை ஆள்காட்டி. இழுத்துக்கிச்சு."

"முள் எதுவும் ஏறிடுச்சா?"

"முள்ளு இல்லை. காய்ச்சல். தொண்டையில அதே நெருப்பு. பக்கத்து வளையில ரெண்டு பேருக்கும் இதே மாதிரி வந்து, நேத்து போய்ட்டாங்க."

"கண்ணைக் காட்டு பார்ப்போம்."

முயல் கண்ணைத் திறந்தது. பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தது.

"கண்ணு சிவக்கலையே அக்கா!"

"சிவக்கலை. ஆனா நான் ஒரு தடவை அதுகிட்ட மாட்டினவ. எனக்குத் தெரியாதா? அதே பாவிதான். வேஷத்தை மாத்திக்கிட்டு வந்திருக்கு."

வெயில் உச்சிக்கு வருவதற்குள் முயலின் மூச்சு நின்றுவிட்டது.

ஆள்காட்டி முட்டைக்குத் திரும்பி வந்து கணவனிடம் சொன்னது. 

"நீ இதை யார்கிட்டயும் சொல்லாதே," என்றது கணவன்.

"ஏன்?"

"நமக்கு முட்டை இருக்கு. வம்பு எதுக்கு? தானா தெரிய வரும்போது தெரியட்டும்."

"தானா தெரியறதுக்குள்ள எத்தனை பேர் போவாங்க? நாய் வந்தா கத்துறோம். வலைக்காரன் வந்தா கத்துறோம். இது வந்தா மட்டும் வாயை மூடிக்கணுமா?"

"நாய்னா எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியும். ஓடிப்போவாங்க. இது தெரியாதே! தெரியாததைச் சொன்னா, சொன்னவளைத்தான் பார்ப்பாங்க."

கணவன் சொன்னது எவ்வளவு சரி என்று ஆள்காட்டிக்கு அப்போது புரியவில்லை. புரிந்திருந்தாலும் அது கத்தித்தான் இருக்கும். அதன் பிறவிக்குணம் அப்படி. எழும்பியது. பள்ளத்துக்கு மேலே வட்டமிட்டது.

"தித்தித்தீ! தித்தித்தீ! செங்கண் திரும்பி வந்திருக்கு! வேற மாதிரி வந்திருக்கு! கண்ணு சிவக்காது! காலை இழுக்கும்! எல்லாரும் விலகி நில்லுங்க!"

குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள். பன்றி பாறைமேல் ஏறியது. கூட்டம் கூடியது. விலகி நிற்கச் சொன்ன செய்தியைக் கேட்பதற்கு எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள்!

"என்ன சத்தம் இங்கே? ஒழுங்காச் சொல்லு," என்றது பன்றி.

ஆள்காட்டி பார்த்ததைப் பார்த்தபடி சொன்னது. எதையும் கூட்டவில்லை. எதையும் குறைக்கவில்லை.

"கண்ணு சிவந்துச்சா?"

"இல்லை தலைவரே. அதைத்தான் சொல்றேன்."

"கண்ணு சிவக்கலைன்னா அது எப்படிச் செங்கண் ஆகும்? பேர்லயே இருக்கே! செங்கண்! கண்ணு செவந்தாத்தான் செங்கண்!"

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். அது அவர்களுக்கு நியாயமாகப் பட்டது.

"பேரை நாமதானே வெச்சோம் தலைவரே? அதுக்கு அந்தப் பேர் தெரியுமா?" என்றது ஆள்காட்டி.

பன்றிக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. செங்கண் செத்துப்போச்சு என்று அதே பாறைமேல் நின்று சொன்ன வாய் அது. சொன்ன சொல்லை எப்படித் திரும்ப விழுங்குவது? தலைவர்களுக்கு அது மட்டும் தொண்டையில் இறங்காது.

தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கீச்சிட ஆரம்பித்தன. உடைமரக் காட்டில் ஒரு செய்தி ஒரு முனையில் நுழைந்தால், மறுமுனையில் ஒன்பது செய்தியாக வெளியே வருவது அவற்றின் புண்ணியத்தில்தான்.

"கால் இழுக்குமாம்!"

"இழுக்காதாம், கழன்று விழுமாம்!"

"பார்த்தாலே ஒட்டிக்குமாம்!"

"இந்தச் சத்தத்தைக் கேட்டாலே வந்துடுமாம்!"

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க!"

மரத்திலிருந்து குரங்கு இறங்கி வந்தது. போன வருஷம் செங்கண்ணுக்கு மருந்து என்று எதையெதையோ மென்று துப்பிக் கொடுத்துப் பெயர் வாங்கியிருந்தது. "யாரும் பயப்படாதீங்க! வேப்பங்கொழுந்தை மென்னு பின்னங்கால்ல பூசிக்கிட்டா ஒண்ணும் அண்டாது! வேணுங்கிறவங்க இலந்தைப்பழத்தோட வாங்க!"

"போன வருஷம் கண்ணுல பூசச் சொன்னியே?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது போன வருஷம்! இது புதுசுக்குப் புது வைத்தியம்!"

பாதிக் கூட்டம் இலந்தை மரத்தைத் தேடி ஓடியது.

கூட்டத்தின் ஓரத்தில் புள்ளிமான் ஒன்று குட்டியோடு நின்றது. அது ஆள்காட்டிக்குச் சிநேகிதி. ஆள்காட்டி கத்திய கத்தலில் இரண்டு தடவை சிறுத்தையிடமிருந்து தப்பிய மான் அது. அது சத்தம் போடவில்லை. கண் கலங்க நின்றது.

"மறுபடியுமா ஆள்காட்டி? என்னால முடியாது. போன வருஷம் முழுக்க இவனைப் புதருக்குள்ளயே ஒளிச்சு வெச்சிருந்தேன். இப்பத்தான் நாலு கால்ல துள்ள ஆரம்பிச்சிருக்கான். மறுபடி உள்ளே போடான்னு எப்படிச் சொல்வேன்?"

"நான் பொய் சொல்லலை மானக்கா."

"பொய்யா இருந்தா நல்லாருக்குமேன்னு இருக்கு."

அந்தக் கூட்டத்தில் உண்மையான பேச்சு அது ஒன்றுதான். எல்லாருக்கும் உள்ளுக்குள் இருந்தது அதே அலுப்பு, அதே பயம். சொல்லத் தெரியாதவர்கள் கத்தினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குள் வடகரையிலேயே இரண்டு எலிகள் காலை இழுத்துக்கொண்டு போவதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இனிமேல் இல்லை என்று சொல்ல முடியாது. பன்றி தொண்டையைச் செருமியது.

"சரி. ஏதோ ஒண்ணு வந்திருக்கு. ஆனா இது செங்கண் இல்லை. இது வேற. இதுக்கு முதல்ல ஒரு பேர் வைக்கணும்."

"விலகி இருக்கிறதுக்கு முதல்ல வழி சொல்லுங்க தலைவரே! புளியமரத்தடியைத் தயார் பண்ணுங்க! பேர் அப்புறம் வைக்கலாம்!" என்றது ஆள்காட்டி.

"பேர் இல்லாத நோய்க்கு எப்படிப் பயப்படுறது? எப்படி விலகுறது? நீ சும்மா இரு!"

பேர் வைக்கும் வேலை ஆரம்பமானது. காலிழுப்பான் என்றார்கள். கால் கழன்று விழும் என்பவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எலிக் காய்ச்சல் என்றார்கள். எலிகள் சண்டைக்கு வந்தன. வெயில் ஏறிக்கொண்டே போனது. பேச்சு முடியவில்லை.

அப்போது கீரி எழுந்தது. "எதுக்கு இவ்வளவு குழப்பம்? இதை முதல்ல யார் சொன்னது?"

"ஆள்காட்டி!"

"எங்கே பார்த்துச்சாம்?"

"அது இருக்கிற தென்கரையில!"

"அப்ப ஆள்காட்டிக் காய்ச்சல்னு வெச்சிட்டுப் போங்களேன்! எல்லாருக்கும் சுலபமா நினைவிருக்கும்."

கூட்டம் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. ஆள்காட்டிக் காய்ச்சல். வாய்க்கு நன்றாக இருந்தது. எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஒரு நோய்க்கு உரிய பெயர் கிடைத்துவிட்டால் பாதி நோய் தீர்ந்த மாதிரி ஒரு நிம்மதி!

"ஐயையோ! நான் சொன்னவ! கொண்டுவந்தவ இல்லை!" என்று ஆள்காட்டி அலறியது. அந்தக் குரலை யாரும் காதில் வாங்கவில்லை.

ஒரு பெயர் போதும், அப்புறம் அது தானே வேலை செய்யும். சாயங்காலத்துக்குள் தவிட்டுக்குருவிகள் காடு முழுக்கக் கொண்டுசேர்த்துவிட்டன. ஆள்காட்டிக் காய்ச்சல் ஆள்காட்டியிடமிருந்து வருகிறது. பின்னே அந்தப் பெயர் எதற்காம்? அதன் காலைப் பார்த்தீர்களா, எவ்வளவு நீளம், எவ்வளவு மஞ்சள்! அதன் மூக்கோரம் தொங்கும் சிவப்பு மடலைப் பார்த்தீர்களா? செங்கண்கூட அங்கிருந்துதான் வந்திருக்கும்! முயலிடம் கடைசியாகப் பேசியது யார்? ஆள்காட்டிதானே! அதுவே ஒப்புக்கொண்டதே!

முன்பெல்லாம் ஆள்காட்டி என்றால் ஆபத்தைக் காட்டிக்கொடுப்பவள். இப்போது ஆபத்தே அவள்தான் என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை, ஆள்காட்டி வழக்கம்போலப் பள்ளத்துக்கு வந்தது. கீரி வழியை மறித்தது.

"நில்லு! ஆள்காட்டிகளுக்குத் தண்ணி கிடையாது. தலைவர் உத்தரவு."

"கீரியண்ணே, நான் குடிக்க வரலை. வயித்தை நனைச்சுக்கிட்டுப் போயிடுறேன். முட்டை காயுது."

"நனைக்கவா! உன் வயித்தை நாங்க குடிக்கிற தண்ணியில முக்கப் போறியா? கேட்டீங்களா கூத்தை!"

"இத்தனை நாள் நனைச்சேனே!"

"அதனாலதான் இத்தனை பேருக்கு வந்திருக்கு!"

பின்னால் நின்றவர்கள் கல்லை எறிந்தார்கள். ஆள்காட்டி பன்றியைத் தேடிப் போனது. பன்றி தூரத்திலிருந்தே, "கிட்டே வராதே! அங்கேயே நின்னு சொல்லு!" என்றது.

"தலைவரே, நாலு முட்டை. இன்னும் கொஞ்ச நாள்ல பொரிச்சிடும். ஓரத்துல, எல்லாரும் குடிச்சுப் போன பிறகு, ஒரே ஒரு தடவை நனைச்சுக்கிறேன்."

"உனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம்னு பார்க்க முடியுமா? உத்தரவு போட்டது போட்டதுதான். உன்மேல எனக்குக் கோபம் இல்லை. நீ கத்தாம இருந்திருந்தா இந்த வினையே இல்லை, என்ன செய்ய!"

கோபம் இல்லாமல்தான் அது சொன்னது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கணவன் குன்றுக்கு அந்தப் பக்கம் பறந்து போய்ச் சுனை ஒன்றைக் கண்டுபிடித்தது. வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பும். வரும் வழியெல்லாம் அனல்காற்று. வந்து உட்காரும்போது சிறகில் ஈரம் இருக்காது. மறுபடி போகும். மறுபடி காய்ந்து வரும். ஆள்காட்டி இரண்டு சிறகையும் விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி, முட்டைகளுக்கு நிழலாக நின்றது. மேலே இருந்து வரும் வெயிலை அது மறைத்தது. கீழே கல்லிலிருந்து ஏறும் சூட்டை எதைக் கொண்டு மறைப்பது?

மான் அந்த வழியாக வந்தது. பள்ளத்தில் குடித்துவிட்டு வந்ததால் வாயோரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆள்காட்டி அந்தச் சொட்டையே பார்த்தது.

"மானக்கா! உன் முகவாய் ஈரமா இருக்கு. கொஞ்சம் இப்படி வந்து முட்டைமேல உதறிட்டுப் போயேன்! உனக்குக் கோடிப் புண்ணியம்!"

மான் நின்றது. ஓர் அடி எடுத்து வைத்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. உடைமரக் கிளையில் தவிட்டுக்குருவிகள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆள்காட்டி... உன்கிட்ட வந்தேன்னு தெரிஞ்சா என்னையும் தண்ணிக்கு விட மாட்டாங்க. எனக்குக் குட்டி இருக்கு."

"எனக்கும்தான் அக்கா."

மான் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது.

அன்று அனல்காற்று ஓயவில்லை. மறுநாளும் ஓயவில்லை. அதற்கடுத்த நாள் ஆள்காட்டி முட்டையைக் காலால் மெல்ல உருட்டிக் காதை வைத்துக் கேட்டது. உள்ளேயிருந்து வழக்கமாக ஒரு மெல்லிய கீச்சு கேட்கும். ஒன்றில் கேட்கவில்லை. இரண்டாவதில் கேட்கவில்லை. மற்ற இரண்டிலும் கேட்கவில்லை. கேட்காத முட்டைகளுக்கு மேல் அது சாயங்காலம்வரை சிறகை விரித்தே நின்றது. கணவன் வந்து, "போதும்மா, வா," என்று சொன்ன பிறகுதான் சிறகை மடக்கியது.

பள்ளத்தில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? கீரி இப்போது யாருடைய கண்ணையும் பார்ப்பதில்லை. காலையும் பார்ப்பதில்லை. ஒரே கேள்விதான்.

"ஆள்காட்டி பக்கம் போனியா?"

"இல்லை!"

"போ, குடி!"

காலை இழுத்துக்கொண்டு வந்தவர்களும், "இது ஆள்காட்டிக் காய்ச்சல் இல்லை. நான் அந்தப் பக்கமே போகலை. சுளுக்கு!" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். முண்டியடித்துக் குடித்தார்கள். புளியமரத்தடியில் யாரும் இல்லை. வேப்பங்கொழுந்து பூசிய கால்களும் இழுக்க ஆரம்பித்தன. "பழுத்த இலையைப் பூசியிருப்பீங்க!" என்றது குரங்கு. இப்படியே பல பேர் போனார்கள். பின்பு எப்படியோ, காற்று திரும்பியதாலோ என்னவோ, காலிழுப்பு குறைந்தது.

பன்றி மறுபடி பாறைமேல் ஏறியது. "ஆள்காட்டிகளை விலக்கி வெச்சோம்! ஆள்காட்டிக் காய்ச்சல் ஒழிஞ்சுது!"

எல்லாரும் மறுபடி கூத்தாடினார்கள்.

ஆள்காட்டி மட்டும் சரளை மேட்டிலேயே இருந்தது. குன்றுக்கு அப்பால் சுனைப் பக்கம் போய்விடலாம் என்று கணவன் கூப்பிட்டும், முட்டை கிடந்த இடத்தை விட்டுப் போக அதற்கு மனசு வரவில்லை. கத்துவதை அடியோடு நிறுத்திவிட்டது. ஒருநாள் நாய்கள் வந்தன. அது பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு முயல்கள் இரண்டு குறைந்தன. "இப்பத்தான் காடு அமைதியா இருக்கு," என்று பன்றி திருப்திப்பட்டுக்கொண்டது.

ஆடி பிறந்தும் மழை வரவில்லை. பள்ளம் இன்னும் சுருங்கியது. அப்போதுதான் மானின் குட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

கண் தெளிவாக இருந்தது. கால் உறுதியாக இருந்தது. காது மடல் இரண்டும் மட்டும் பனியாகக் குளிர்ந்து, தொங்கிப்போயின. குட்டி வறட்டு இருமல் இருமியது.

"அம்மா, தொண்டை எரியுது," என்றது.

மானுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. வேஷத்தை மாற்றிக்கொண்டு மூன்றாவது தடவையாக வந்திருக்கிறது. இந்தத் தடவை அதன் வீட்டில் முதலாவதாக!

எழுந்து ஓடிப்போய்ப் பன்றியிடம் சொல்லத்தான் அது நினைத்தது. நாலு எட்டுப் போயும் விட்டது. அங்கேயே நின்றுவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? இதற்கும் ஒரு பேர் வைப்பார்கள். மான் காய்ச்சல். வாய்க்கு அதுவும் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் கீரி வழியை மறிக்கும். எரிகிற தொண்டையோடு குட்டிக்குத் தண்ணீர் கிடைக்காது. மானின் கண்முன்னால் சரளை மேடும் விரித்த சிறகும் வந்து நின்றன.

திரும்பி வந்தது. "இருமாதேடா கண்ணு. யாராவது பக்கத்துல வந்தா மூச்சை அடக்கிக்கோ," என்று குட்டிக்குச் சொல்லிக்கொடுத்தது. கூட்டத்தோடு கூட்டமாகப் பள்ளத்தில் இறக்கித் தண்ணீர் குடிக்க வைத்தது.

சரளை மேட்டிலிருந்து ஆள்காட்டி எல்லாவற்றையும் பார்த்தது. குட்டியின் காது தொங்குவதைப் பார்த்தது. அது மூச்சை அடக்கிக்கொண்டு, முடியாமல் தண்ணீருக்குள் இருமுவதையும் பார்த்தது. எழும்பியது. பள்ளத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. அலகைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. அது செய்தது சரியில்லைதான். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அதைக் குறை சொல்லும் தகுதி அந்தக் காட்டில் யாருக்கு இருந்தது?

இரண்டொரு நாளில் எலிகளின் வளையில் இருமல் கேட்டது. எலிகள், "புழுதி!" என்றன. குரங்குக்குக் காது குளிர்ந்தது. அது உச்சாணிக் கிளையில் போய் ஒளிந்துகொண்டது. எல்லாருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்வது தெரியும். தாமும் பொய் சொல்வதால் யாரும் வாயைத் திறக்கவில்லை. கேள்வி கேட்கிற கீரியே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமியது.

ஒரு விடியற்காலையில் பன்றி பாறையடியில் விழுந்து கிடந்தது. காது மடல் சில்லிட்டிருந்தது. செம்போத்துதான் முதலில் பார்த்தது. அதுவும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பறந்து போய்விட்டது.

அதற்கப்புறம் யார் எப்போது போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. பள்ளத்தைச் சுற்றிக் கழுகுகள் நடந்தன. தண்ணீரே கெட்டுப்போனது. பிழைத்தவர்கள் அந்த நாற்றம் தாங்காமல், இரவோடு இரவாகச் சொல்லாமல் கொள்ளாமல் காட்டை விட்டுப் போனார்கள்.

கடைசியாகக் கிளம்பியது மான். தனியாகக் கிளம்பியது. போகிற வழியில் சரளை மேட்டின் அருகே நின்றது. அன்றைக்கு எடுத்து வைக்காத அடிகளை இன்றைக்கு எடுத்து வைத்து, ஆள்காட்டிக்குப் பக்கத்தில் வந்தது.

"நீ இங்கே இருந்து பார்த்திருப்பே. உன் கண்ணுக்குத் தப்பாது. என் குட்டி இருமினதைப் பார்த்தேதானே?"

"பார்த்தேன்."

"அப்ப ஏன் கத்தலை ஆள்காட்டி?" மானுக்குக் குரல் உடைந்தது. "நான்தான் பயந்துபோய் மறைச்சேன். நீ கத்தியிருந்தா, நாலு பேராவது விலகியிருப்பாங்களே! ஏன் கத்தலை?"

 ஆள்காட்டி, கல்லோடு கல்லாகக் கிடந்த நான்கு முட்டைகளை அலகால் நேராக்கி வைத்தது.

"ஒரு தடவை கத்தினேனே அக்கா," என்றது.

 மான் குன்றுப் பக்கமாக நடந்து மறைந்தது. ஆபத்தைச் சொல்ல வந்தவர் தலையிலேயே ஆபத்தின் பெயரைச் சூட்டி விரட்டுகிற ஊருக்கு, அடுத்த ஆபத்து சொல்லிக்கொண்டு வராது.